துபாயிலிருந்து மனாமாவுக்கு ஒரு கையெழுத்து

நான் துபாயிலிருந்து பஹ்ரைனுக்குப் போதை மாத்திரை கொண்டுபோனதாக எங்கள் உறவினர்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது. மாத்திரை எதுவும் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனது ஒரே ஒரு தாள். போதையை விடுவதற்கான மருந்துக்கு ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. இதை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் பயணத்தைப் பற்றி எழுத முடியும்.

2007 நவம்பர். துபாய் கராமாவில் மகன் வீட்டில் மூன்று வாரம் இருந்தேன். அடுத்து, பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் நர்ஸாக இருக்கும் என் தங்கை மகள் வசந்தியைப் பார்க்க வியாழக்கிழமை காலை விமானத்துக்கு டிக்கெட். புதன் மதியம் அவளிடமிருந்து போன்.

"பெரியம்மா, எங்க ஆஸ்பத்திரி டாக்டர் இப்போ துபாய்லதான், தேராவில இருக்கார். அவர்கிட்ட ஒண்ணு வாங்கிட்டு வரணும்."

"யார் பார்சலையும் நான் தூக்க மாட்டேன். உன் அம்மா கொடுத்த ஊறுகாயையே தூக்கினதில்லை."

"பார்சல் இல்ல பெரியம்மா. ஒரு பிரிஸ்கிரிப்ஷன்."

விஷயம் இதுதான். கருத்தரங்குக்காக துபாய் வந்த டாக்டருக்குக் காதில் சீழ் பிடித்து, விமானம் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த மருந்தை எழுத அவர்கள் ஆஸ்பத்திரியில் வேறு யாருக்கும் அனுமதி இல்லை. மையில் போட்ட கையெழுத்து வேண்டும், ஃபேக்ஸ் செல்லாது. வியாழன் பன்னிரண்டு மணிக்கு மருந்தகம் மூடினால் சனிக்கிழமை வரை திறக்காது. ஒரு நோயாளிக்குப் புதன்கிழமையோடு மாத்திரை தீர்ந்துவிட்டது. யாரென்று வசந்தி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாலை ஐந்து மணிக்கு பர்துபாய் துறையில் படகு ஏறினேன். கட்டணம் ஒரு திர்ஹம், பத்தே நிமிடத்தில் எதிர்க்கரையில் தேரா. சில்லறை தயாராக வைத்திருங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் புடவை நனையும்.

டாக்டர் மதுரைக்காரர், தன் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தார். காதில் பஞ்சு இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு வசந்தியிடம் பேசினார்.

"எப்படி இருக்கார்?"

"வேர்க்குது டாக்டர். கொட்டாவி. ரெண்டு நாளாத் தூக்கமில்ல."

"நீ என்ன நினைக்கிற?"

"இப்போ எடுக்கிற அளவு பத்தல. கொஞ்சம் கூட்டலாம் டாக்டர்."

"சரி, எவ்வளவு?"

அவள் அளவைச் சொன்னாள். அவர் அதையே எழுதினார். வாங்கிப் பார்த்தேன். ஆறா எட்டா என்று தெரியவில்லை.

"இதை நாளைக்கு யார் படிப்பது? தயவுசெய்து திரும்ப எழுதுங்கள்."

"அம்மா டீச்சரா?"

"இல்லை. கான்வென்ட்டில் படித்தவள்."

போனில் வசந்தி சிரித்தாள். டாக்டர் புதுத் தாளில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதினார். சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்: "அளவைச் சொன்னது அவள். கையெழுத்து மட்டும் ஏன் உங்களுடையது?"

"தப்பு நடந்தா யார் பொறுப்பும்மா? இப்போ நான். நர்ஸுக்குப் பயிற்சி கொடுத்து, பரீட்சை வச்சு, இன்ன அளவுக்குள்ளே எழுதலாம்னு விட்டா எனக்கும் நிம்மதிதான். நிர்வாகத்துக்கு எழுதுறேன்."

நியாயமான பதில். என் புத்தகத்துக்குள் தாளை வைத்துக்கொண்டு வந்தேன்.

வியாழன் காலை பத்துக்குப் புறப்பட்ட விமானம் பத்து பத்துக்கு மனாமாவில் இறங்கியது. வேறொன்றுமில்லை, அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது. இவ்வளவு மலிவாக எனக்கு ஒரு மணி நேரம் வேறெங்கும் கிடைத்ததில்லை. ஆனால் குடியேற்ற வரிசை அதைத் தின்றுவிட்டது. வெளியே வரும்போது பதினொன்றேகால்.

வசந்தி அனுப்பிய டாக்ஸிக்காரர் பஹ்ரைன்காரர், பெயர் யூசுஃப். பெட்டியைப் பார்க்கவே இல்லை. "பேப்பர் ஹை?" என்றுதான் முதலில் கேட்டார். காட்டினேன். "யல்லா அம்மா, யல்லா!" சீக்கிரம் கிளம்பு என்பதற்கு அரபி.

விமான நிலையத் தீவிலிருந்து ஊருக்குள் போகும் பாலத்தின் மேல் நெரிசல். அங்கே அவராகவே சொன்னார். சீட்டு அவருடைய தம்பிக்கு. நாலு மாதமாக ஒழுங்காக மாத்திரை எடுத்து, மீன் சந்தையில் வேலைக்கும் போகிறான். "இன்று கிடைக்காவிட்டால் ராத்திரிக்குள் பழைய இடத்துக்குப் போய்விடுவான். அந்த வழி அவனுக்கு மனப்பாடம்." இந்தியும் ஆங்கிலமுமாகப் பேசினார். அதன்பிறகு வேகத்தைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

ஆஸ்பத்திரி வாசலில் வசந்தி நின்றிருந்தாள். மணி பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம். தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். என்னை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. அன்று மன்னித்தேன்.

யூசுஃப் என்னைத் தம்பியிடம் அழைத்துப் போனார். முப்பது வயதிருக்கும், சால்வை போர்த்தி நடுங்கிக்கொண்டிருந்தான். வசந்தி மாத்திரையை அவன் நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு, கரையும் வரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை பேசக்கூடாதாம். அவன் என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தான். யூசுஃப் டாக்ஸிக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். பிறகு குதைபியாவில் வசந்தி வீட்டில் சூடாக ரசம் சாதம்.

பயணம் போகிறவர்களுக்கு: பஹ்ரைன் விசாவை முன்னதாகவே எடுங்கள். வலி மாத்திரை, இருமல் மருந்து கொண்டுபோனால் டாக்டர் சீட்டும் மருந்தின் பெயர் அச்சிட்ட உறையும் கூடவே இருக்கட்டும். நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் சில மருந்துகளுக்கு அங்கே தடை உண்டு. தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாதவர் பார்சலை வாங்காதீர்கள்.

அந்த நோயாளிக்கு நான் துபாயில் இருந்தது அதிர்ஷ்டம். அடுத்தவருக்கு யார் இருப்பார்கள்? டாக்டர், இதை நீங்கள் படிப்பதாக வசந்தி சொல்கிறாள். நிர்வாகத்துக்கு எழுதினீர்களா? என்ன சொன்னார்கள்? போன் வேண்டாம். இந்தப் பதிவின் கீழேயே எழுத்தில் பதில் தாருங்கள். தட்டச்சு செய்தே அனுப்புங்கள்.