அரிசிப் புழுவில் வளர்ந்த குளவிகள்

பாடம் எழுதிவிட்டேன் என்று என் மகள் சொன்னால், நான் நோட்டை வாங்கிப் பார்க்கிறேன். பெற்ற பிள்ளையை இப்படிச் சந்தேகப்படலாமா என்று அவள் அப்பா கடிந்துகொள்கிறார். கூடாதுதான். ஆனால் என் அப்பா சந்தேகப்பட்டிருக்கலாம்.

எங்கள் ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேருவதற்கு இரண்டு வருஷம் முன்பு, தேங்காய்ப்பட்டணத்தில் அத்தையின் தென்னைகளில் கருந்தலைப் புழு விழுந்தது. ஓலைகள் தீய்ந்து தொங்கின. கணவனை இழந்த அத்தைக்கு அந்த முப்பது மரந்தான் கஞ்சி. அப்பாவுக்கு விவசாய இலாகாவில் குளவி வளர்க்கும் வேலை. தங்கைக்காக வீட்டிலேயே கண்ணாடிக் குழாய்களில் தனியாக வளர்த்தார். எறும்பளவுக் குளவிகள். புழுவின்மேல் முட்டையிடும், குஞ்சுகள் அந்தப் புழுவைத் தின்றே வளரும். பதினைந்து நாளில் அடுத்த தலைமுறை.

ஓலையைப் பிரித்துப் புழு பொறுக்கிப் போடுவது என் வேலை. நூலும் எச்சமுமாகப் புழு கட்டிய கூட்டைத் தொட அருவருப்பு. அரிசிப் பானையிலும் புழு நெளிந்தது. அதுவும் புழுதானே? அதை எடுத்துப் போட்டேன். முதல் குளவிகள் தயங்கின. அவற்றின் பிள்ளைகள் தயங்கவில்லை. ஐந்தாறு தலைமுறை அப்படியே போயிற்று.

“மக்கா, ஓலைப் புழுதானே போட்ட?” என்பார் அப்பா. ஆமாம் என்பேன்.

குளவிகளை விடப் போன அன்று, அத்தை வீட்டு முற்றத்தில், புழு பிடித்த ஓலைத் துண்டொன்றைக் குழாய்க்குள் வைத்துக் காட்டினார் அப்பா. குளவிகள் புழுமேல் ஏறி இறங்கி விலகிப் போயின. அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தை சிரித்தாள்.

“ஒங்க குளவிக்குச் சோறு வடிச்சு வைக்கணுமோ அண்ணே?”

முறத்திலிருந்த ஒரு புழுவை எடுத்து உள்ளே போட்டாள். குளவிகள் அதை மொய்த்துக்கொண்டன.

அத்தையின் சிரிப்பு நின்றது. அப்பா குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

“எனக்க தப்புதான். புழுவ மாத்திப் போட்டுட்டேன்” என்றார் அத்தையிடம்.

“கூடப்பொறந்தவன்னு நம்பினேனே” என்றாள் அத்தை.

மறுபடி வளர்த்தெடுப்பதற்குள் தோப்பு முழுதும் கருகிவிட்டது. மூன்று வருஷம் காய்ப்பில்லை. அத்தை கோட்டாற்றில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போனாள். அண்ணன் வாசலை அதன்பிறகு மிதிக்கவில்லை. சரியான குளவிகளை விட்டிருந்தால் மட்டும் மரங்கள் தேறியிருக்குமா? இன்றும் கேட்டுக்கொள்கிறேன். சொல்ல அப்பா இல்லை.

அன்று அத்தை வீட்டிலிருந்து திரும்பியதும், என்னிடம் ஒன்றும் கேட்காமல், அப்பா தானே ஓலையைப் பிரிக்க உட்கார்ந்தார்.

வேலை ஒழிந்தது என்று நான் விளையாடப் போனேன்.