ஆலிவ் எண்ணெயில் தொட்ட ரொட்டி

நேற்று விற்காத ரொட்டியை இன்று யார் தலையில் கட்டுவது என்ற கவலையோடு கண் விழிப்பதுதான் பேக்கரித் தொழில். கோவில்பட்டியில் பன்னிரண்டு வருஷமாக நான் அப்படித்தான் விழிக்கிறேன்; இந்தத் தொழிலில் வேகும் உங்களுக்கும் இது தெரியும். எங்கள் பக்கம் ரொட்டி என்றாலே காய்ச்சல்காரர் சாப்பாடு. அந்தப் பெயரை மாற்றிவிடலாம் என்று எனக்கு ஆசை வந்தது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் மது, போனில் வழி சொன்னாள். ஆலிவ் எண்ணெயில் நசுக்கிய பூண்டு, மிளகு, உப்பு, துளி மிளகாய் வத்தல் தூள். ரொட்டியைத் தொட்டுத் தின்ன வேண்டியதுதான், அடுப்பே வேண்டாம் என்றாள்.

வீட்டுச் சோதனை

எண்ணெயை முதலில் மெடிக்கலில் வாங்கினேன். பாட்டிலில் குழந்தை படம் இருந்ததை நான் கவனிக்கவில்லை, மனைவி செல்வி கவனித்தாள்; அது உடம்பில் தேய்க்கிற எண்ணெய். பிறகு சூப்பர் மார்க்கெட்டில் சாப்பிடுகிற எண்ணெயைத் தேடிப் பிடித்தேன். மகள் சொன்ன துளி வத்தல் தூள் நம் நாக்குக்கு எப்படிப் போதும்? நாகலாபுரத்து வத்தலைக் கைப்பிடி அள்ளி இடித்துப் போட்டேன். பூண்டு பத்துப் பல்.

முதல் வாய் நான்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. பிரமாதம் என்று சொல்லிச் சமாளித்தேன். செல்வி ஒரு துண்டைத் தொட்டு நிதானமாக மென்றாள்.

"இதுல கொஞ்சம் புளி வச்சு அரைச்சா நல்ல துவையல். அந்த எண்ணெய மட்டும் வடிச்சிருங்க."

பசுவந்தனைக்காரர்

பசுவந்தனையிலிருந்து ஒரு விவசாயி வாரம் தவறாமல் வருவார். பெரியாஸ்பத்திரியில் கிடக்கும் தம்பிக்கு ரொட்டி வாங்குவார். நல்ல மனுஷர். அவருக்கு ஒரு சின்ன டப்பாவில் அந்த எண்ணெயை ஊற்றி, தொட்டுக்கிடுங்க என்று இலவசமாகக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அவர் சிரித்த முகமாக வந்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து, எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"வாடைதான் தாங்கல அண்ணாச்சி, மொதல்ல காந்தவும் செஞ்சுது. ஆனா முட்டுவலி நல்லாக் கேட்டுருக்கு, இன்னொரு டப்பா தாரியளா?"

பெண் பார்க்க வந்த நாள்

இத்தோடு விட்டிருக்கலாம். மது லீவில் வந்திருந்தபோது கழுகுமலையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். செல்வி கேசரியும் பஜ்ஜியும் செய்திருந்தாள். அவள் உள்ளே போன நேரம் பார்த்து, என் எண்ணெய்க் கிண்ணத்தையும் ரொட்டியையும் நடுவில் கொண்டுபோய் வைத்தேன். மது கண்ணைக் காட்டினாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாய் தின்றுவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். அம்மா பாதித் துண்டை அப்படியே தட்டில் வைத்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். பையன் மட்டும் மதுவைத் திரும்பிப் பார்த்தபடி நின்றான். இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிருந்தது எங்களுக்கே தெரிந்தது. வாசல் வரை ஓடிப்போய், அதைக் கலந்தது நான்தான், பிள்ளைக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா செருப்பில் விட்ட காலை எடுத்தார்.

"இத மொதல்லயே சொல்லப்பிடாதா? பொண்ணு கைப்பக்குவம்னு நெனச்சுல்லா பயந்துட்டேன். சரி, உள்ள வாங்க, பேசுவோம்."

இத்தனை வருஷத்தில் என் கைப்பக்குவம் எங்கள் குடும்பத்துக்குச் செய்த ஒரே நன்மை, அது என் மகளுடையது இல்லை என்பதுதான்.