மீன் ரொட்டியும் மாமாவும்

அந்த ஈஸ்டர் ஞாயிறன்று எங்கள் வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அம்மாவின் அண்ணன் தூத்துக்குடியிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார். நான் மூன்றாம் வகுப்புக்கு வந்தும் மாமாவைப் போட்டோவில்தான் பார்த்திருந்தேன். அம்மா மாதா கோயிலுக்குப் போகிறவள். அப்பா வீட்டார் முருகனுக்குக் காவடி எடுப்பவர்கள். பனியன் கம்பெனியில் பழகி இருவரும் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து மாமா எங்கள் படி மிதித்ததில்லை. “அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்” என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. யார் மூஞ்சி என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

அம்மாவின் பிறந்த வீட்டில் ஈஸ்டருக்கு மீன் வடிவத்தில் இனிப்பு ரொட்டி சுடுவார்களாம். அண்ணனுக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அம்மாவுக்குப் பிடிவாதம். விடிந்ததும் மைதாவில் ஈஸ்ட், சர்க்கரை, ஊத்துக்குளி வெண்ணெய் எல்லாம் போட்டுப் பிசைந்தாள். மூடிவைக்க ஈரத்துணி கேட்டபோது, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த புது நீலப் பனியன் துணியில் ஒரு துண்டை நனைத்துக் கொடுத்தார் அப்பா. கொடுத்த கையோடு பைக் சாவியை எடுத்தார்.

“கம்பெனில அர்ஜென்ட் ஆர்டரு கண்ணு, போயிட்டு வந்தர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை என்ன கம்பெனி என்று கேட்டேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பைக்கைக் கிளப்பிப் போய்விட்டார்.

மாவு உப்பும்வரை நானும் தம்பியும் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தோம். எங்களை அதட்டிய அம்மா எங்களைவிட அதிகமாகத் தூக்கிப் பார்த்தாள். நடுநடுவே வாசலுக்கும் ஓடினாள். ஒருமுறை தூக்கினால், மாவின் ஒரு பக்கம் நீலம்! துணியில் சாயம் நிற்கவில்லை. அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். கிள்ளிக் கிள்ளி எறிந்தும் நீலம் கொஞ்சம் தங்கிவிட்டது. மறுபடி பிசைய நேரமில்லை.

“கடல் மீன்தானேம்மா, நீலமா இருந்தா என்ன?” என்றான் தம்பி.

அம்மா முறைத்தாள், பிறகு சிரித்துவிட்டாள். நான் கத்தரிக்கோலால் செதில் வெட்டினேன். தம்பி வாலை இழுத்து இழுத்து அதைப் பல்லி வால் ஆக்கினான். மணல் பரப்பிய பெரிய சட்டிக்குள் தட்டோடு வைத்து மூடிச் சுட்டோம். வெந்ததும் வந்த வாசனையில் எங்களுக்கு உயிரே போயிற்று. ஆனால் கை வைத்தால் முதுகு பழுத்துவிடும்.

உச்சி வெயிலில் மாமா வந்தார். சிரிக்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வந்த பஸ்ஸைப் பற்றி மட்டும் பேசினார். அம்மா மீனையும் கத்தியையும் அவர் முன்னால் வைத்தாள்.

“இதென்னளா, ஒரு பக்கம் நீலம்?”

“அவரு குடுத்த துணிண்ணே. சாயம் எறங்கிருச்சு. அந்தப் பக்கத்த வெட்டி எடுத்துரலாம்.”

மாமா கத்தியை எடுத்தார். நாங்கள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தோம். அவர் என்ன நினைத்தாரோ, கத்தியைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

“மாப்பிள்ளை எங்க? அவரும் வரட்டும். சேந்து திம்போம்.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். எனக்கு மாமாமீது ஆத்திரமாக வந்தது. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டாமா என்பார்கள்; நாங்கள் ஆறவும் பொறுத்தாயிற்றே! அம்மாவின் போனை எடுத்து அப்பாவை அழைத்தேன்.

“ஏனுங்கப்பா, நீங்க வந்தாத்தான் மாமா ரொட்டிய வெட்டுவாராமா. வெரசா வாங்க, பசிக்குது.”

அந்தப் பக்கம் பெஞ்சு ஒன்று நகரும் சத்தம் கேட்டது.

“அவரே சொன்னாரா கண்ணு?”

“ஆமாங்கப்பா.”

கம்பெனி ஊரின் அந்தக் கோடியில். அப்பா வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்று நொந்துகொண்டேன். போனை வைத்துத் திரும்பினால், அப்பா மூச்சு வாங்கக் கதவருகே நிற்கிறார். பைக்கைக் காணோம். மாமா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

பைக்கை எடுத்துவர அப்பா அன்று மாலை என்னையும் அழைத்துப் போனார். அது தெருமுனை டீக்கடை வாசலில் நின்றிருந்தது. “உங்கப்பா காலைல இருந்து இங்கயேதான் கண்ணு உக்காந்திருந்தாரு” என்றார் கடைக்காரர். பசியோடு அவ்வளவு பக்கத்தில் இருந்தும், யாராவது கூப்பிடட்டும் என்று சொந்த வீட்டுக்கு வெளியே ஒருவர் ஏன் காத்திருந்தார் என்று எனக்கு வெகுகாலம் புரியவில்லை.