கர்த்தருக்கு எழுதிய சீட்டு லேபர் ஆபீசுக்குப் போனது

சபையாருக்கு வந்தனம். என் பெயர் ரோஸ்லெட். குன்னத்துகால் பக்கம் வீடு. சாட்சி சொல்ல எழுந்தால் எனக்கு முதலில் அழுகைதான் வரும், பேச்சு அப்புறம்தான். இன்றைக்கு அழாமல் சொல்லி முடிக்கப் பார்க்கிறேன்.

தொண்ணூற்று நாலாம் வருஷம், மழைக்காலம். என் வீட்டுக்காரர் தங்கராஜ் அதற்கு முன்பே தென்னையில் இருந்து விழுந்து தலையில் அடிபட்டவர். அன்றிலிருந்து அவருக்கு வலிப்பு. மாத்திரை ஒரு நாளும் தவறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த மாத்திரைக்கும் வீட்டுக் கஞ்சிக்கும் என் ஒருத்தி கூலிதான் வழி. பாறசாலை போகிற ரோட்டில் ஓர் அண்டி ஆபீசில், முந்திரி உடைக்கிற ஆலையில், வேலை செய்தேன். வறுத்த முந்திரிக் கொட்டையைக் கட்டையால் தட்டி, பருப்பு நொறுங்காமல் எடுக்க வேண்டும். ஓட்டில் உள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அதனால் கையில் சாம்பல் பூசிக்கொண்டுதான் உட்காருவோம்.

அந்த வருஷம் கொட்டை வறுக்கிற டிரம் ஓட்டை விழுந்தது. பழைய டிரம், எத்தனையோ தடவை ஒட்டுப் போட்டது. அடுத்த சனிக்கிழமை கூலி வாங்கினால் குறைகிறது. மேஸ்திரியிடம் கேட்டோம்.

"டிரம்மு நன்னாக்கின செலவாக்கும். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் ஏத்துக்கணும்" என்றார்.

ஒரு வாரத்தோடு முடியும் என்று நினைத்தோம். வாராவாரம் பிடித்தார்கள். பிறகு கையில் பூசுகிற சாம்பலுக்கும் பிடித்தார்கள். அதே ஆபீஸ் அடுப்பில் எரிந்த சாம்பல்தான் அது! சிரிக்காதீர்கள், நடந்ததைத்தான் சொல்கிறேன். சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். நானும் போட்டேன். வேலை போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்க ஆரம்பித்தேன். அவரிடம் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் அடுப்புப் பக்கத்தில் வைத்து அவருக்கு வலிப்பு வந்தது. நான் வேலையில் இருந்தேன். வந்து பார்த்தபோது அவருடைய வலது கை முழங்கை வரைக்கும் வெந்திருந்தது. நான் செய்த கணக்கு அவர் கையில் கிடந்தது. அன்று எனக்குச் சாகத் தோன்றியது, மறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வந்தேன். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஜெபக் குறிப்பைப் பேர் போடாமல் எழுதிப் பெட்டியில் போடுவோம். ஆளுக்கொரு சீட்டு எடுத்துக்கொண்டு போய் ஒரு வாரம் ஜெபிப்போம். எல்லாரும் 'சுகம் வேண்டும்', 'மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும்' என்று ஒரு வரி எழுதுவார்கள். நான் நோட்டுத் தாளில் நாலு பக்கம் எழுதினேன். ஆண்டவருக்கு ஒன்றும் விட்டுப்போகக் கூடாதே. டிரம் ஓட்டையான நாள், எந்தெந்தச் சனிக்கிழமை எவ்வளவு பிடித்தார்கள், மேஸ்திரி சொன்ன காரணம், சாம்பல், கையெழுத்து, எல்லாம் எழுதி, 'கர்த்தாவே, முதலாளி மனதை மாற்றும்' என்று முடித்தேன்.

அந்தச் சீட்டை எடுத்தது ஜெயசீலி. நெய்யாற்றின்கரை லேபர் ஆபீசில் டைப்பிஸ்ட். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆமென் சொன்னதும் யார் முகத்தையும் பாராமல் போகிற பெண். தலைக்கனம் பிடித்தவள் என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, இது நீங்க எழுதினதுதானே? அண்டி ஆபீசுல வேற ஆரும் இங்க இல்லியே."

தலையை ஆட்டினேன்.

"ரெண்டு நாளா ஜெபிக்க முட்டுக்குத்துறேன், ஜெபம் வரல்ல. இதுல கர்த்தாவேன்னு உள்ளத வெட்டிட்டு ஆபீசர் அவர்களேன்னு எழுதினா போதும். நல்ல பெட்டிஷனாக்கும்."

"சம்மதம்னு கையெழுத்துப் போட்டாச்சே மக்கா" என்றேன்.

"போட்டாலும் செல்லாது. கூலியில என்னத்த பிடிக்கலாம், என்னத்த பிடிக்கப்பிடாதுன்னு சட்டம் உண்டு. டிரம்மு கெட்டா அது முதலாளிக்க செலவு. நீங்க ஒடச்சிருந்தாக்கூட, ஒங்ககிட்ட விளக்கம் கேக்காம பிடிக்கப்பிடாது."

"நீங்க சொல்லாம இத ஒருத்தர்கிட்டயும் காட்ட மாட்டேன்" என்றும் சொன்னாள். எழுது என்றேன். அன்று சாயங்காலமே கேரள சர்க்கார் ஆபீசுக்குப் போக வேண்டியது என்று என் நாலு பக்கத்தை மலையாளத்தில் எழுதித் தந்தாள். ஒரு சங்கதியும் விடவில்லை. சாம்பலைக்கூட விடவில்லை.

என் பக்கத்தில் இருந்து கொட்டை தட்டுகிற ஓமனாவிடம் காட்டினேன். அவள் கோயிலுக்குப் போகிறவள். படித்துவிட்டு, "ஒனக்க தெய்வத்துக்கு எழுதினதுல எனக்க பேரும் கெடக்கட்டும்" என்று எனக்கு முன்னால் அவள் கையெழுத்துப் போட்டாள். அவளைப் பார்த்து இன்னும் பதினோரு பேர் போட்டார்கள். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றும் வியக்கிறேன். அவளுக்கும் மூன்று பிள்ளைகள், வேறு வருமானம் இல்லை.

பெட்டிஷன் லேபர் ஆபீசுக்குப் போன செய்தி தெரிந்ததும் முதலாளி அண்டி ஆபீசைப் பூட்டினார். எட்டு நாள். "ஒனக்க ஜெபம் எங்க அடுப்ப அணச்சிப்போட்டு" என்று சிலர் வாசலில் வந்து சொன்னார்கள். முழங்காலில் கிடந்தேன். இரண்டாம் நாள் ஜெயசீலி வந்தாள். கையில் ஒரு மாதத்துக்கான மாத்திரை. உட்காரக்கூட இல்லை, திண்ணமாய் ஒன்று சொன்னாள்: "இனி ஒருநாளும் விடப்பிடாது அக்கா." இவளையா தலைக்கனம் என்றேன். அவள் போன பிறகு வெட்கத்தில் அழுதேன்.

எட்டாம் நாள் லேபர் ஆபீசர் முதலாளியையும் எங்களையும் வரச் சொன்னார். முதலாளி நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினார். ஆபீசர் வாங்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். "லாபம் கிட்டின வருஷம் இவங்களுக்கு அதுல பங்கு கொடுத்தோ?" என்று மெதுவாகக் கேட்டார். முதலாளி இல்லை என்று தலையாட்டினார். "பின்னே நஷ்டத்துல மட்டும் எப்படிப் பங்கு?" என்றார். சட்டத்தில் உள்ளதை வரிவரியாய் வாசித்தார். கோபப்படவில்லை, எங்களைக் குறைத்தும் பேசவில்லை.

மறுநாள் அண்டி ஆபீஸ் திறந்தது. பிடித்ததெல்லாம் ஓணத்துக்கு முன்னால் திரும்ப வந்தது. முதலாளி மனம் மாறியதா என்று எனக்குத் தெரியாது. அவர் வேறு ஆள் மூலம் கொடுக்காமல், தானே நின்று எங்கள் முகம் பார்த்துக் கொடுத்தார். அதற்கும் ஒரு மனசு வேண்டும். அவருக்காக இன்றும் ஜெபிக்கிறேன்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரருக்கு மாத்திரை ஒரு நாளும் தவறவில்லை. வலிப்பும் வரவில்லை. அதோ, ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அவர் வானத்தில் இருந்து அற்புதம் அனுப்புவார் என்று காத்திருந்தேன். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு டைப்பிஸ்டை எழுப்பி அனுப்பினார்.

செங்கல் சூளையிலும் தறியிலும் கடையிலும் வேலை செய்கிறவர்கள் இங்கே உண்டு. உங்கள் கூலியிலும் இப்படிக் கை வைக்கிறார்கள் என்றால் என் மாதிரி வாய்மூடி இருக்காதீர்கள். ஆண்டவரிடம் சொல்லுங்கள், ஒன்றும் விடாமல் சொல்லுங்கள். நானும் உங்களோடு முழங்கால் போடுகிறேன். ஜெபித்து எழுந்தபின் நெய்யாற்றின்கரை லேபர் ஆபீசுக்குத் தனியாகப் போகப் பயமாக இருந்தால் சொல்லுங்கள். திங்கட்கிழமை நான் கூட வாறேன்.