நான்காவது சொலான்ஜ்

சொலான்ஜ் என்ற பெயருக்கு லத்தீன் மூலத்தில் பக்தியும் கம்பீரமும் உள்ளவள் என்று பொருள். என் தம்பி பெண்டாட்டிக்கும் அந்தப் பொருளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. வெள்ளாடு தும்மினால்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஆட்டுப்பாலில் பாலாடைக்கட்டி செய்து சனிக்கிழமைச் சந்தையில் விற்கிறாள். பாதி வியாபாரம் அந்தச் சிரிப்புக்குத்தான்.

அவள் அப்பா ஒன்றும் யோசித்து வைத்த பெயரில்லை. மே பத்தாம் தேதி பிறந்தாள். அன்றைக்கு எந்தப் புனிதரின் திருநாள் என்று காலண்டரைப் பார்த்தார், வைத்தார்.

"ஒரு நாள் முந்தியிருந்தா பகோம்னு ஆம்பளப் பேரு வந்திருக்கும் மதினி. ஒரு நாள் பிந்தியிருந்தா எஸ்தெல், நட்சத்திரம்னு அர்த்தம். நட்சத்திரம் சிரிச்சா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க" என்பாள்.

எங்கள் ஊரில் பெந்தகோஸ்துக்கு மறுநாள் புனித சொலான்ஜின் சுரூபத்தை வயல்வழியே தூக்கிப்போய் மழை கேட்போம். சுமக்கும் நான்கு பெண்களுக்கும் புனிதையின் பெயரே இருக்க வேண்டும். கல்யாணமாகி வந்த வருஷம் இவளும் தோள் கொடுத்தாள். பங்குச் சாமியாரின் தொப்பி காற்றில் பறந்ததைப் பார்த்து இவள் சிரித்த சிரிப்பில் சுரூபம் சாய்ந்து மூக்கு உடைந்தது. அதோடு சரி. இருபத்திரண்டு வருஷமாகப் பவனிக்குப் பின்னால்தான் நடந்தாள்.

இந்த வருஷம் பேக்கரி சொலான்ஜுக்குக் கணுக்கால் முறிந்தது. இப்போது பிறக்கிற பெண்களெல்லாம் லெயா, மனோன். வேறு ஆள் கிடையாது. சுமக்கும் நால்வரில் ஒருத்தியான, தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சொலான்ஜ் வீடு தேடி வந்தாள்.

"நீதான் தோள் குடுக்கணும். ஆனா பல்லு வெளிய தெரிஞ்சுதுன்னா, இனிமே எந்த ஜென்மத்துலயும் உன்னக் கூப்பிட மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"மதினி, அந்தப் புனிதையும் ஆடு மேய்ச்சவதானே? ஒவ்வொரு குட்டி பொறந்ததையும் அவகிட்டதான் மொதல்ல சொல்றேன். ஒரே ஒரு தடவ ஒழுங்கா சுமந்தாப் போதும்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

பாதி வழி நன்றாகத்தான் போனது. ஓடையைத் தாண்டும்போது மணிச்சத்தம் கேட்டது. வேலியை உடைத்துக்கொண்டு வந்த அவளுடைய ஏழு ஆடுகளும் பயபக்தியோடு பவனியில் சேர்ந்துகொண்டன. ஒரு கிடா சாமியாரின் அங்கிச் சரிகையைச் சாவகாசமாக மென்றது. "போ, சனியனே, போ" என்று அவர் பாடிக்கொண்டிருந்த ஜெபத்தின் ராகத்திலேயே சொன்னார்.

ஊரே அவளைத்தான் பார்த்தது. உதட்டைக் கடித்தாள். கன்னம் சிவந்தது. சிரிக்கவில்லை.

சிரித்தது தபாலாபீஸ் சொலான்ஜ். முப்பது வருஷமாகச் சிரிக்காதவளுக்கு, ஆரம்பித்ததும் நிறுத்தத் தெரியவில்லை. முன்னால் இவளோடு ஜோடியாகச் சுமந்த அவள் தோளிலிருந்து சுரூபத்தின் கம்பு நழுவியது. என் தம்பி பெண்டாட்டி இன்னொரு கையை நீட்டி அதையும் பிடித்து, முன்பாரம் முழுவதையும் தானே தாங்கி, கோயில்வரை கொண்டு சேர்த்தாள். சுரூபம் இம்மியும் சாயவில்லை.

இறக்கி வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"மதினி, இப்ப சிரிக்கலாமா?"

"சிரிடி."

சிரிக்க வாயைத் திறந்தவள், என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.