தப்பியோட்டம் என்று போட்ட செய்தி

ஒரு விடுதியின் துணி அறையில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை அவளுக்கு. எதையும் ஆற அமரச் செய்வாள் என்பதால் கூட வேலை பார்க்கிறவர்கள் ‘மெதுவக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதில் அவளுக்கு வருத்தம் கிடையாது. கை பாட்டுக்குக் கை மடிக்கும், மனசு பாட்டுக்குக் கடவுளிடம் பேசிக்கொண்டிருக்கும். அந்த வாரம் முழுக்க அவள் கடவுளிடம் முறையிட்டது ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான்.

அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். மழை கொட்டிய ஒரு காலையில் வளைவில் பஸ் வழுக்கி, ஓரத்து மரத்தில் முட்டிச் சாய்ந்து நின்றுவிட்டது. கடவுள் புண்ணியத்தில் உயிருக்கு ஒன்றுமில்லை. சிலருக்கு அடி, ஒரு அம்மாவுக்குத் தலையில் ரத்தம். வீட்டுக்காரருடைய போன் நொறுங்கிப் போயிருந்தது. அடுத்த தெருவில்தான் ஆஸ்பத்திரி. விழுந்தடித்து ஓடி, ஸ்ட்ரெச்சரும் ஆட்களுமாகத் திரும்பி வந்தார். பஸ் முதலாளி விசாரித்துவிட்டு, உன் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார்.

ஆனால் இணையத்தில் செய்தி வேறு மாதிரி வந்தது. ‘பஸ் மரத்தில் மோதியது, டிரைவர் தப்பியோட்டம்.’

அன்றைக்குப் படுத்தவர்தான், எழுந்திருக்கவில்லை. முதலாளி வரச்சொல்லி ஆள்மேல் ஆள் விட்டுப் பார்த்தார். இவர் முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினார். தைலத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், எந்த முழங்கால் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது.

“போய் சீட்ல உட்கார்ந்தா ஏறுறவங்க எல்லாம் என் முகத்தைத்தான் பார்ப்பாங்க. இவன் எப்ப இறங்கி ஓடுவானோன்னு” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். ஸ்டியரிங்கைத் தொடாமல் இருக்கத் தெரியாத மனுஷன் அவர். இப்படியே விட்டால் இனித் தொடவே மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள் என்பதால் அந்தச் செய்தியை அவள் கடைசி வரி வரைக்கும் படித்தாள். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. ‘செய்தியில் பிழை கண்டால் தெரிவிக்கவும்.’ துவைக்கிற மெஷினைப் பார்த்துக்கொள்ளும் தோழியிடம் காட்டினாள். தோழி சிரித்தாள். கடை வாசலில் ‘மீண்டும் வருக’ என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அதுபோலத்தான் இதுவும், உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள் என்றாள். மெதுவக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை. சொல் என்று ஒருத்தர் எழுதி வைத்திருந்தால், சொன்னதைக் கேட்கவும் ஒருத்தர் இருக்கத்தானே வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் துணி மூட்டை மேல் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். ‘ஐயா, என் வீட்டுக்காரர் ஓடியது நிஜம். தப்பி ஓடவில்லை. ஆள் கூட்டிவர ஓடினார். தப்பி என்பதை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.’

மறுநாள் போன் வந்தது. செய்தித் தளத்திலிருந்து ஒரு பெண், பேச்சில் நல்ல பணிவு. வீட்டு மனுஷர் சொல்வதை மட்டும் வைத்து மாற்ற முடியாது, பார்த்தவர்கள் யாராவது எழுத வேண்டும் என்றாள். அங்கே இருந்தவர்கள் தெரிந்ததைச் சொல்லலாம் என்று செய்தியின் தலையிலேயே ஒரு வரி போடுவதாகவும் சொன்னாள். டிரைவர் ஓடிவிட்டதாக நிருபரிடம் சொன்னது பக்கத்தில் சாவிக்கடை வைத்திருக்கிறவராம்.

வேலை முடிந்ததும் மெதுவக்கா நேராகச் சாவிக்கடைக்குத்தான் போனாள். அவளை அந்த வேகத்தில் யாரும் பார்த்ததில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் கோத்துக்கொண்டே போனாள். கொத்துக்கொத்தாகத் தொங்கிய சாவிகளுக்கு நடுவிலிருந்து ஒரு நரைத்த தலை எட்டிப் பார்த்தது. அவள் யாரென்று சொன்னதும் அந்த முகம் மலர்ந்துவிட்டது.

“நான்தான் தங்கச்சி சொன்னேன். டிரைவர் எங்கேன்னு கேட்டாங்க, ஓடிட்டார்னேன். அந்த உடம்பை வச்சுக்கிட்டு என்னமா ஓடினார். எனக்கு அதிசயமா இருந்துச்சு.”

ஆஸ்பத்திரிப் பக்கம் கையைக்கூடக் காட்டினாராம். கேட்ட நிருபருடைய கண் பஸ் மேலேயே இருந்ததாம். அவள் போனில் அந்தச் செய்தியை எடுத்து நீட்டினாள். கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் படித்தவருடைய முகம் சுருங்கிவிட்டது. “மெச்சித்தானேம்மா சொன்னேன்” என்று முணுமுணுத்தார். கோத்து வைத்திருந்த நாலு கேள்வியும் அவளுக்குத் தொண்டையிலேயே கரைந்துவிட்டன.

இரண்டு பேரும் கடைப் பலகையில் உட்கார்ந்து எழுதினார்கள். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்காமல் எழுதமாட்டேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். சரி, அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள்.

பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுதினார்கள். தலையில் அடிபட்ட அம்மா தன் மகளிடம் சொல்லி எழுதவைத்தார். கடைசியில் தலைப்பே மாறியது. மேலே ‘திருத்தம்’ என்று போட்டு, டிரைவர் உதவி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார், தவறாக வெளியிட்டதற்கு வருந்துகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சத்தமாகப் படித்தாள். அவர் திரும்பவில்லை. அடியில் ஜனங்கள் எழுதியதையும் படித்தாள். பஸ்ஸில் வந்த ஒரு பெரியவர், ‘என் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கொடுத்துவிட்டுத்தான் ஓடினார்’ என்று எழுதியிருந்தார்.

சுவரைப் பார்த்திருந்த முதுகு அசைந்தது. “அது தப்பு.”

அவளுக்குப் பகீரென்றது. “எதுங்க?”

“மூக்குக்கண்ணாடி இல்ல, பல்செட்டு. சீட்டுக்கு அடியில கிடந்துச்சு. வெட்கப்பட்டு மாத்தி எழுதியிருக்கார்.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் எழுந்து உட்கார்ந்தார். தன் கால்களைப் பார்த்தார்.

“பயந்துதான்மா ஓடினேன். அந்த அம்மா தலையைப் பார்த்ததும் கால் தன்னால ஓடுச்சு. ஒருவேளை நிஜமாவே தப்பிச்சுதான் ஓடினேனோன்னு படுத்துக்கிட்டே யோசிக்கிறேன்.”

“தப்பிச்சு ஓடினவர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கிட்டு எதுக்குத் திரும்பி வந்தீங்க?”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

கொஞ்சம் கழித்து, “அப்போ பல்செட்டு விஷயத்தையும் எழுதிப் போட்டுடட்டுமா? பிழை கண்டால் தெரிவிக்கவும்னுதானே சொல்றாங்க” என்று சீண்டினாள்.

“சும்மா இரு. பாவம், பெரிய மனுஷன். கண்ணாடின்னே இருந்துட்டுப் போகட்டும். நாளைக்கே வண்டியில ஏறினாலும் ஏறுவார், அப்புறம் என் முகத்தை எப்படிப் பார்ப்பார்?”

நாளைக்கே என்று சொன்னதை அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். வாய் திறந்தால் கலைந்துவிடும் என்று பேசாமல் எழுந்துபோய், அவருடைய வேலைச் சட்டையைத் தேட ஆரம்பித்தாள்.