வேண்டிக்கொள்ளாத பாதங்கள்

இந்த நாட்டுக்கு வாழ வந்த புதிதில், பக்கத்து வீட்டுச் சீன அம்மா ஒருவரைப் பார்த்து நான் மனதுக்குள் கும்பிட்டிருக்கிறேன். தினமும் மாலை ஆறு மணிக்கு அவர் தம் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு வெளியே வருவார். வந்தவுடன் நடக்க மாட்டார். இரும்புக் கதவுக்கு வெளியே குனிந்து, தார் ரோட்டில் புறங்கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். பிறகுதான் முதல் அடி எடுத்து வைப்பார். பூமித்தாயைத் தொட்டு அனுமதி வாங்கிக்கொண்டு நடக்கிற பழக்கம் சீனர்களுக்கும் இருக்கிறதே என்று எனக்கு ஒரே பூரிப்பு. அன்று லாரி ஓட்டிவிட்டு வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சிரித்தார்.

"சாமியும் இல்ல பூதமும் இல்ல. ரோடு சூடா இருக்கான்னு பாக்குறாங்க லா. நாய் காலு சுட்டுரும்ல."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து, பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எங்கள் ஊரிலும் நாய்கள் உண்டு. பைரவருக்கு வாகனம் என்று தேய்பிறை அஷ்டமியில் தயிர்சோறு வைப்போம், மற்ற நாளில் மீந்ததைப் போடுவோம். ஆனால் நாயின் உள்ளங்காலைப் பற்றி யாரும் யோசித்ததாக எனக்கு நினைவில்லை. யோசிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. சித்திரை வெயிலில் அது தானாகவே பஞ்சாயத்துக் குழாயடிக்குப் போய் ஈரத்தில் படுத்துக்கொள்ளும். எங்கே நிழல், எப்போது நடக்கலாம் என்பதெல்லாம் அதற்கே தெரியும். அதன் கழுத்தில் கயிறு இல்லை.

நாங்கள் இருப்பது நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் பட்டணத்துக்கு வெளியே, பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றை ஒட்டிய வரிசை வீடுகளில். என் வீட்டுக்காரரின் தாத்தா காலத்தில் இதெல்லாம் ரப்பர் எடுக்கும் பால்மரக் காடாம். இப்போது கண் போகிற தூரம் வரை செம்பனைதான். பழக்குலை ஏற்றும் லாரிகள் போக, தோட்டத்துக்குள் புதிதாகத் தார் போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மாவை எல்லோரும் சிக்கு என்பார்கள். மலாய் மொழியில் ஆசிரியர் என்று பொருள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அந்தப் பிள்ளைகளிடமிருந்தே தமிழும் கற்றுக்கொண்டவர். தனியாக இருக்கிறார். அந்த நாய்தான் துணை. பெயர் கோப்பி, இங்கே காப்பியை அப்படித்தான் சொல்வார்கள். நிறமும் அதேதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மாசி மாதம் அவருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை. சிரம்பானில் தம்பி வீட்டில் தங்கி ஒரு மாதமாவது வைத்தியம் பார்க்க வேண்டும். கோப்பியை யாரிடம் விடப்போகிறார் என்று இருந்தேன். ஒரு நாள் காலை என் வாசலில் வந்து நின்றார்.

"பிரேமா, நாய ஒன் வீட்டுல விட்டுட்டுப் போறேன். வச்சிக்கிறியா?"

"எனக்கு நாய் வளத்துப் பழக்கம் இல்லயே சிக்கு."

"பழக்கம் வேணாம். நீ தினம் ஆறு மணிக்கு வெளக்கு ஏத்துற. ஒரு நாள்கூட லேட்டு இல்ல. நாய்க்கு அதான் வேணும், நேரம்."

காலையில் ஏழரைக்குள், மாலையில் ஆறுக்கு மேல் நடத்த வேண்டும். ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு வரை எண்ண வேண்டும். கை தாங்கினால்தான் நாயின் கால் தாங்கும். இதை மூன்று தடவை சொன்னார். நானும் மூன்று தடவை தலையாட்டினேன். ஊரை விட்டு வந்த ஒருத்தியை நம்பி ஒருவர் உயிருள்ள ஒன்றை ஒப்படைக்கிறார் என்ற பெருமையில், கேட்டதைவிட அதிகமாகவே தலையாட்டியிருப்பேன்.

பத்து நாள் ஒழுங்காகத்தான் போனது. பிறகு எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். என் பெரிய மகளின் காய்ச்சலுக்காக வேண்டிக்கொண்ட பால்குடம் எனக்குப் பாக்கி இருந்தது. மஞ்சள் சேலை, ஒருவேளை உணவு, காலில் சிலிப்பர் கிடையாது. மாசி, பங்குனி வந்தால் இங்கே சில வருடம் மழை முகமே காட்டாது. வெறுங்காலோடு நடப்பது கஷ்டம்தான். ஆனால் அந்தக் கஷ்டத்தில் ஒரு நிறைவு உண்டு. விரதம் இருந்தவர்களுக்கு அது தெரியும்.

பால்குடத்துக்குச் சில நாள் முன்னால், ஒரு நாள் விடிவதற்கு முன்னாலேயே மாலை கட்டக் கோயிலுக்குப் போய்விட்டேன். ஒரு வேலை இன்னொரு வேலையை இழுத்தது. வீட்டுக்கு வரும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. கோப்பி கதவருகே நின்று முனகிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் அசுத்தம் செய்யாத நாய். விடிகாலையிலிருந்து அடக்கிக்கொண்டு நிற்கிறது. அதோடு குடத்துக்குக் கட்டும் மஞ்சள் துணியை வீட்டிலேயே மறந்து வைத்திருந்தேன். நாயை நடத்தினது போலவும் ஆகும், துணியைக் கொடுத்தது போலவும் ஆகும் என்று சங்கிலியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ரோட்டில் கையை வைத்துப் பார்க்கவில்லை. என் காலே வெறுங்காலாக இருக்கும்போது கையை எதற்கு வைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

புதுத் தார் அடுப்புக் கல் போலக் கிடந்தது. என் பாதம் எரிந்தது, தாயே தாயே என்று நடந்தேன். கோப்பி புல் ஓரமாகப் போகப் பார்த்தது. செம்பனைக்கு நடுவே புல்லுக்குள் நாகம் கிடக்கும் என்ற பயத்தில் நான் அதை ரோட்டுக்கே இழுத்தேன். கொஞ்ச தூரத்தில் அது கால்களை மாற்றி மாற்றித் தூக்கியது. "வாடா, அம்மா பாத்துக்குவா" என்று இழுத்தேன். முச்சந்திக்கு வந்ததும் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துவிட்டது. பிறகு வயிறும் சுட்டதோ என்னவோ, எழுந்து நின்று நடுங்கியது.

ஒரு வெள்ளைக் கார் என்னைத் தாண்டிப் போய், பின்னோக்கி வந்து நின்றது. இறங்கியது ஒரு தமிழ்ப் பெண். பகாவில் தையல் கடை வைத்திருக்கும் ஷாமினி என்பது பிறகுதான் தெரிந்தது.

"அக்கா, என்ன செய்றீங்க நீங்க? ரோட்டுல கைய வச்சுப் பாத்தீங்களா?"

நடுரோட்டில் கேள்வி கேட்டதில் எனக்குக் கோபம் வந்தது. "நானும் வெறுங்காலோடதான்மா நடக்குறேன்" என்றேன்.

அவள் என் மஞ்சள் சேலையைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

"நீங்க வேண்டிக்கிட்டீங்க அக்கா. அது வேண்டிக்கிச்சா?"

நான் சங்கிலியைத் தளர்த்தினேன்.

அதற்குள் முச்சந்தி மரத்தடியில் செண்டோல் என்ற தேங்காய்ப்பால் ஐஸ் விற்கும் மலாய்க்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு வேகமாக வந்தார். எல்லோரும் அவரைப் பாக்சிக், அதாவது மாமா, என்றுதான் கூப்பிடுவோம். அவர் மார்க்கத்தில் நாயைத் தொட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கடையருகே நாய் நிற்கிறதே, தண்ணீரை ஊற்றி விரட்டத்தான் வருகிறார் என்று நினைத்துக் கோப்பியை என் சேலைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "போயிடுறேன் பாக்சிக், போயிடுறேன்" என்று சொன்னேன். அவர் நான்கு அடி தள்ளி நின்றார். நாயின் மேல் ஒரு சொட்டுப் படாமல், அதற்கு முன்னால் ரோட்டில் ஊற்றினார். திரும்பிப் போய் இன்னொரு வாளி. அப்புறம் இன்னொன்று. மரத்தடி நிழல் வரைக்கும் ஈரமாக ஒரு பாதை விழுந்தது. "சீனி, சீனி" என்று கையைக் காட்டினார். இங்கே வா என்று அர்த்தம். பால்குடம் எடுத்து வருபவர்களின் கால் சுடாமல் இருக்க முன்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவார்களே, எங்கள் ஊரிலும் சரி, இந்தத் தோட்டத்திலும் சரி, அதே மாதிரி. அந்த ஈரத்தில் கோப்பி நடந்தது. நானும் நடந்தேன்.

ஷாமினிதான் எங்களைக் காரில் ஏற்றிப் பகாவிலிருக்கும் நாய் டாக்டரிடம் கொண்டுபோனாள். நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். விரத நாளில் நாயைத் தொடலாமா என்ற யோசனை வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. நான்கு பாதத்திலும் கொப்புளம். மருந்து தடவி, துணி சுற்றி, நக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து என் பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிக் காலுறைகளை அதன் காலில் மாட்டினேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி சாமி மாடத்துக்குக் கீழே படுத்திருந்தது.

மாலைக்குள் ஊர்க் குழுவில் எல்லோர் கைப்பேசியிலும் என் படம். மோட்டாரில் போன யாரோ எடுத்திருக்கிறார்கள். மஞ்சள் சேலையில் நான் சங்கிலியை இழுக்கிறேன், கோப்பி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. 'சாமிக்கு வெரதம், நாய்க்கு வதை' என்று ஒருவர். 'இந்தியாலேர்ந்து வந்ததுங்க அப்படித்தான் லா' என்று இன்னொருவர். அதைப் படித்த பிறகு சோற்றை மூடி வைத்துவிட்டேன். நான் செய்த தவறுக்கு என் ஊரையே கொண்டுவந்து நிறுத்திவிட்டேனே என்றிருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே ஷாமினி எழுதியிருந்தாள்: 'நான் அந்த அக்காவ நேர்ல ஏசினேன். அவங்களே நாயத் தூக்கிட்டு வந்தாங்க. படம் புடிச்சவரு மோட்டார விட்டு ஏன் எறங்கல?'

என் பயம் குழுவைப் பற்றியது அல்ல. சிக்குவிடம் என்ன சொல்வது? "ஒப்பரேசன் பண்ணிட்டுப் படுத்திருக்காங்க. இப்ப சொன்னா டென்சன் ஏறும். காலு ஆறட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். ஆறிய பிறகு சொல்லவே வேண்டாமே என்று எனக்கும் ஓர் ஆசை இருந்ததை மறைக்க மாட்டேன். ஆனால் மறுநாள் ஆறு மணிக்கு விளக்கேற்றும்போது, இந்த விளக்கைப் பார்த்துத்தானே நம்பினார் என்று தோன்றியது. திரியைச் சரிசெய்துவிட்டுக் கூப்பிட்டேன். நடந்ததை எதையும் விடாமல் சொன்னேன்.

"தெரியும்," என்றார் சிக்கு. "நாலு பேரு போட்டோ அனுப்பிட்டாங்க. நீ சொல்றியான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"கோவமா சிக்கு?"

"கோவந்தான். நெறைய இருக்கு." மூச்சு விட்டார். "தம்பி மகன் வந்து நாயத் தூக்கிட்டு வர்றேன்னான். வேணாம்னு இப்ப சொல்லிருவேன். அங்கயே இருக்கட்டும். பிரேமா, ஒன் காலு எப்படி?"

அப்போதுதான் என் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். அங்கேயும் கொப்புளம். என் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை, நானும் பார்த்திருக்கவில்லை.

பால்குடத்தன்று அந்த ரோட்டில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். முச்சந்தியில் பாக்சிக்கின் ரப்பர் குழாயும் ஓடியது. ஈரத்தில் கால் வைத்தபோதெல்லாம் வீட்டில் காலுறையோடு கிடக்கும் ஜீவனை நினைத்தேன். தலையில் குடத்தோடு, மகளுக்காக மட்டுமல்ல, அதற்காகவும் அன்று வேண்டிக்கொண்டேன்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ச் சந்தைக்கு மேடேறும் வண்டி மாட்டை ஒருவர் அடி அடியென்று அடித்ததைச் சிறுமியாக நான் பார்த்திருக்கிறேன். எத்தனையோ பேர் நின்றார்கள். அவர் மாடு, நாம் என்ன கேட்பது என்று போய்விட்டார்கள், என் அப்பா உட்பட. இரக்கம் இல்லாதவர்கள் அல்ல. அதே அப்பாதான் தெருநாய்க்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவார். ஆனால் 'அவருடையது' என்று வந்துவிட்டால் வாய் மூடிக்கொள்ளும். இங்கே அந்த வாய் மூடவில்லை. எனக்கு வலித்தது, அவமானமாக இருந்தது. ஆனாலும் ஒரு நாய்க்காகக் காரைப் பின்னால் எடுத்து வந்து நிறுத்துகிறவர்கள் இருக்கும் ஊரில் என் பிள்ளைகள் வளர்கிறார்கள் என்பதில் எனக்கு நிம்மதி. கயிறு நம் கையில் இருந்தால் நிழல் தேட வேண்டியதும் நாம்தான். இதை நான் இங்கேதான் கற்றேன்.

சிக்கு திரும்பி வந்தார். முட்டி முன்போல் இல்லை, அதனால் கோப்பியை இன்று வரை நான்தான் நடத்துகிறேன். முச்சந்தி மரத்தடியில் பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்று இருக்கிறது. நாங்கள் வருவதைக் கண்டால் பாக்சிக் உயரத்திலிருந்து அதில் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொள்வார்.

போன வைகாசியில் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஊருக்குப் போனேன். மத்தியானம் பேருந்து நிறுத்தத்தில் இறங்கினால் கத்திரி வெயில் கொளுத்துகிறது. டீக்கடைப் பலகைக்குக் கீழே ஒரு செவலை நாய் படுத்திருந்தது. அது எழுந்து ரோட்டைக் கடக்கப் பார்த்ததும், நான் பையைக் கீழே வைத்துக் குனிந்து தார் ரோட்டில் புறங்கையை வைத்துவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கு மேல் தாங்கவில்லை.

"பாருய்யா, எத்தனை வருசம் ஆனாலும் பொறந்த மண்ணத் தொட்டுக் கும்புடுது அந்தப் புள்ள" என்றார் டீக்கடைக்காரர். அழைத்துப்போக வந்திருந்த தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. இல்லை, நாய்க்காகச் சூடு பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ரோட்டிலிருந்து எடுத்த கை, என்னைக் கேட்காமலே, சூட்டோடு கண்ணுக்குப் போய்விட்டது. செவலை நாய் ரோட்டின் ஓரத்தை மோந்து பார்த்துவிட்டு, தானாகவே திரும்பி நிழலுக்குப் போனது.